சுமை ஏறும்போது தெரிவது

பழுது வெளியே தெரியாத நேரத்தில் அது இருக்கிறதா, இல்லையா? மயிலாடுதுறையில் பழைய கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வாசலிலேயே வந்து நிற்கும். வழியில் நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். பட்டறையில் நிறுத்திச் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், எஞ்சின் சீராக ஓடும். "சத்தியமா நின்னு போச்சுங்க" என்பார் சொந்தக்காரர். அவர் சொல்வதும் உண்மை. என் கண் முன்னால் வண்டி ஓடுவதும் உண்மை. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முழுதாகச் செத்துப்போன வண்டி சுலபம். பேட்டரி இறங்கியிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், செல்ஃப் மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கும். டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து ஒயரோடு ஒயராக நடந்தால் எங்கே லாம்பு எரியாமல் போகிறதோ அங்கே பழுது. வந்து வந்து போகும் பழுதுதான் ஆளைச் சோதிப்பது. சில இக்னிஷன் காயில்கள் ஆறியிருக்கும்போது நன்றாக வேலை செய்யும். அரை மணி ஓடிச் சூடேறியதும் உள்ளே சுற்றுக்கம்பி விட்டுப்போகும். ஆள் தேடி, கயிறு தேடி, இழுத்து வருவதற்குள் ஆறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் சித்திரை வெயிலில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறியதும் பிளக்குக்குப் போக வேண்டிய தீப்பொறி அந்த விரிசல் வழியாக ஊர்ந்து எர்த்துக்கு ஓடிவிடும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, மூடியின் மேல் தண்ணீரைப் புகையாகத் தெளிக்க வேண்டும். அப்போது நீலக் கோடு ஒன்று நெளிந்து ஓடுவது தெரியும். பகலில் எத்தனை முறை துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் தெரியாது.

மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள், மீட்டர் எதைக் கேட்கிறது என்று யோசிப்பதில்லை. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து ஒயரின் இரண்டு முனையையும் தொட்டால் 'பீப்' என்று ஒலிக்கும். ஒயர் நன்றாக இருக்கிறதென்று பையன்கள் அடுத்த ஒயருக்குப் போய்விடுவார்கள். அந்த ஒலிக்காக மீட்டர் ஒயருக்குள் அனுப்பும் கரண்டு மிகமிகச் சொற்பம். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று நாலரை ஆம்பியர் இழுக்கும். ஒயருக்குள் இழைகள் எல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், பல்புக்குப் போதாது.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்டு போகாது. செல்ஃப் இழுக்கும் கரண்டு முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டையின் முனையில் துரு ஏறி 0.01 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் அது பூஜ்யமாகவே தெரியும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.01 ஓம் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்த காலை நேரத்தில் செல்ஃப் முனகிவிட்டு நின்றுபோக அது போதும். பட்டை முழுதாகவே விட்டுப்போனால் கரண்டு வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பும். கேபிள் கை வைக்க முடியாமல் சுடும். இதைப் பரிசோதிக்க, மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் பிடித்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. சாவியை விட்டதும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சுமை ஏறியிருக்கும் இரண்டு மூன்று விநாடிக்குள்தான் பழுது தன்னைக் காட்டும். "லோடு குடுக்காம பாத்தது பாத்ததே இல்லடா" என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி. அவர் தத்துவம் படித்தவர் அல்லர். அவர் சொன்ன அந்த ஒரு வரியின் ஆழம் எனக்குப் பிடிபட, பிற்பாடு சைவ சித்தாந்த வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஓர் அம்பாசிடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வண்டி அது. மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கும்பகோணம் சாலையில் குத்தாலம் தாண்டினால் திக்கித் திக்கி ஓடும். சில சமயம் நின்றுவிடும். இரண்டு பட்டறைகளில் பார்த்துவிட்டார்கள். காயில் மாற்றினார்கள், கண்டென்சர் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். பாயிண்ட் செட் மாற்றியபோது கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி. கடைசியில் ஒருவர், "வண்டியில ஒண்ணும் இல்ல சார், ஓட்டுற விதத்துலதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு மனிதர் தன் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது நீ காணவில்லை என்று மறுத்து அனுப்புவது, காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் விடுவதைவிட மோசம் என்பது என் எண்ணம். அவர் என்னிடம் வரும்போது தான் சொல்வதை இனி யாரும் நம்பப்போவதில்லை என்கிற தயக்கத்தோடுதான் வந்தார்.

நான் அவரை உட்காரவைத்து, எப்போது திக்குகிறது என்று கேட்டேன். எவ்வளவு வேகம், எந்த கியர், கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது, என்ன நேரம், மழையா வெயிலா. அவர் நாற்பது வருஷம் ஓட்டிய கை; நன்றாகக் கவனித்திருந்தார். "தம்பி, ஒண்ணுதான் எனக்குப் புரியல. ரயில்வே மேம்பாலத்துல ஜோரா ஏறுது. நிறுத்தி வெச்சு ஓடவிட்டாலும் நல்லாத்தான் இருக்கு. சமமான ரோட்டுல, காலை லேசா வெச்சுக்கிட்டு டாப்ல போறப்பதான் திக்குது. சிரமமான இடத்துல ஏறிட்டு சிரமமே இல்லாத இடத்துல ஏன் தம்பி நிக்கணும்?"

அந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்ரோல் பற்றவில்லை என்றால் மேட்டில்தான் முதலில் திணறும். சமதளத்தில் லேசான காலுக்கு மட்டும் நடக்கிற காரியம் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து ஒரு சின்னக் குழாய் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும். அதன் வழியாக எஞ்சின் இழுக்கும் காற்றின் உறிஞ்சல், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும். வேக்கம் அட்வான்ஸ் என்போம். ஐடிலில் அந்தக் குழாயில் உறிஞ்சல் இராது. மேட்டில் காலை அழுத்தினால் உறிஞ்சல் விழுந்துவிடும். சமதளத்தில் லேசான காலில் போகும்போதுதான் அது முழு வலுவோடு தட்டை இழுத்துப் பிடிக்கும். தட்டு திரும்பும்போது பாயிண்டுக்குப் போகும் சாண் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன ஒயரும் கூடவே வளையும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து, உறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் முறிந்திருக்கும். தட்டு தன் இடத்தில் இருக்கும்வரை முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தட்டு திரும்பினால் விலகும்.

இதெல்லாம் இன்னும் ஊகம்தான். ஹேண்டில் போட்டு எஞ்சினைத் திருப்பி, பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் இடத்தில் நிறுத்தினேன். இதில் கவனம் வேண்டும். பாயிண்ட் திறக்கப்போகும் விளிம்பில் நிறுத்தினால் தட்டு திரும்பும்போது பாயிண்டே திறந்து நம்மை ஏமாற்றிவிடும். சாவியைப் போட்டு, காயிலின் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. அப்படித்தான் காட்ட வேண்டும். கார்புரேட்டர் பக்கத்திலிருந்து குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். மீட்டர் 12 வோல்ட்டுக்குத் தாவியது. விட்டேன், பூஜ்யம். மறுபடி உறிஞ்சினேன், 12. ஆசிரியரைக் கூப்பிட்டு அவர் வாயிலேயே குழாயைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னேன். அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பலமுறை உறிஞ்சினார். நான் கேட்கவில்லை, அவராகவே, "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார்.

சித்தாந்த வகுப்பில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே வந்தது அளவைப் பாடம். ஒரு பொருளை அறிவதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்பது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஆறு என்றும் பத்து என்றும் பிறர் சொல்லும் அளவைகளை எண்ணிக்காட்டி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லாவற்றையும் அடக்குகிறார். காண்பது, கண்டதை வைத்துக் காணாததை உய்த்துணர்வது, நம்பத்தக்கவர் சொல்லிக் கேட்பது. இந்த எண்ணிக்கைச் சண்டை அவருக்கும் முன்னே தமிழில் உண்டு. எங்கள் பக்கத்துப் பூம்புகாரில் பிறந்த மணிமேகலை, வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் காண்பதே மெய், அனுமானம் வேண்டாம் என்று பூதவாதி சொல்லும்போது அவள் சிரித்துவிட்டு, அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். நான் அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்றதை நான் பார்க்கவில்லை, ஆகையால் அது நிற்கவில்லை என்று சொன்ன பட்டறைக்காரரும் தன் பிறப்பைத் தானே பார்த்தவர் இல்லையே.

பிறர் எண்ணிய அந்த ஆறில் அபாவம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? தரையில் குடம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது, எதை வைத்து? குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர்கள் இதைத் தனி அளவையாகவே வைத்து ஒரு நிபந்தனை போட்டார்கள். தோன்றாமை எல்லாம் இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருந்தால் தோன்றியிருக்க வேண்டிய நிலையில் தோன்றாவிட்டால்தான் சான்றாகும். நல்ல வெளிச்சம், நல்ல கண், நடுவே மறைப்பு இல்லை, குடம் தெரியவில்லை. அப்போது குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் தெரியாத குடத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கே புலப்படாதது என்று சொல்லப்படும் பிசாசைப் பற்றியும், தெரியவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வகுப்பு ஆசிரியர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு மேஸ்திரியின் குரல் காதில் கேட்டது. ஐடிலில் நிற்கும் அம்பாசிடர் இருட்டறை. மேம்பாலம் ஏறும் அம்பாசிடரும் இருட்டறைதான். குத்தாலத்துக்கு அப்பால், லேசான காலில், அங்கே மட்டும்தான் வெளிச்சம்.

இந்த நிபந்தனை பழுதைக் கண்டுபிடிக்கும்போது மட்டும் இல்லை, சரிசெய்த பிறகும் கூடவே வருகிறது. ஒயரை மாற்றிவிட்டேன். பழுது போய்விட்டதா? மேஸ்திரி ஒரு காரியம் செய்வார். வாடிக்கையாளர்களுக்கு அது நேரத்தை வீணாக்குவதாகப் படும். புது சாமானைப் போட்டு வண்டி நன்றாக ஓடியதும், அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மறுபடி போடுவார். பழுது திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால்தான் புதியதை நிரந்தரமாகப் பூட்டுவார். சித்தாந்தத்தில் இதற்கு அந்நுவயம், வெதிரேகம் என்று பெயர். இது உள்ள இடத்தில் அது உண்டு, இது இல்லாத இடத்தில் அது இல்லை என்று இரண்டு பக்கமும் பார்ப்பது. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். முன் பட்டறைக்காரர் பாயிண்ட் செட் மாற்றியபோது வண்டி கொஞ்ச நாள் ஓடியதே, அது பாயிண்டால் அல்ல. பாயிண்டைக் கழற்றிப் பூட்டியபோது அந்தச் சின்ன ஒயர் அசைந்து, முறிந்த முனைகள் நன்றாக ஒட்டிக்கொண்டன. அவர் தொட்டார், சரியாயிற்று. தான் மாற்றியதால் சரியாயிற்று என்று நம்பினார். பழைய பாயிண்டை மறுபடி போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரைச் சுற்றிப் பரிகாரத் தலங்கள் நிறைய. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருமணஞ்சேரிக்கு வருகிறார்கள், செவ்வாய் தோஷம் என்று வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வருகிறார்கள். வரும் வழியில் நின்றுபோன வண்டிகளை நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்; அந்தக் குடும்பங்களோடு பேசியும் இருக்கிறேன். பரிகாரம் செய்தோம், நடந்தது என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வாதாடவும் கூடாது. ஆனால் அதை ஒரு நிரூபணமாக என்னிடம் கொண்டுவந்தால் என் தொழில் குறுக்கே நிற்கிறது. பழைய நிலைக்குத் திருப்பி வைத்துப் பார்க்க முடியாத ஒன்றில், இதனால்தான் இது நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. இதனால் நடக்கவில்லை என்று சொல்லவும் அதே அளவுக்கு வழியில்லை. நான் திருமணஞ்சேரிக்குப் போகிறவன். அங்கே போய்க் கும்பிடுவதற்கு நிரூபணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் பகுத்தறிவுக்காரர். நேர்மையான மனிதர், டூப்ளிகேட் சாமானை ஒரிஜினல் என்று ஒருநாளும் கொடுக்கமாட்டார். இந்த அபாவத்தை அவரிடம் ஆர்வத்தோடு சொன்னேன். கடவுளைக் காணவில்லை என்பதால் கடவுள் இல்லை என்று ஆகாது, பார்த்த நிலை சரியா என்று முதலில் கேட்க வேண்டும் என்றேன். அவர் உடனே கேட்டார்: "சரிண்ணே. எந்த லோடுல தெரியும்? அதைச் சொல்லுங்க. அம்பாசிடருக்கு சொன்னீங்கல்ல, குழாயை உறிஞ்சினா தெரியும்னு. அதே மாதிரி சொல்லுங்க."

நியாயமான கேள்வி. இதைவிட நியாயமான கேள்வியை நான் கேட்டதில்லை. 'இருக்கிறது, ஆனால் இப்போது தெரியாது' என்று எதைப் பற்றியும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லும் எலக்ட்ரீஷியனை நான் நம்பமாட்டேன். எந்த நிலையில் தெரியும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த நிலையை உண்டாக்கிக் காட்டவும் வேண்டும். சித்தாந்தம் நிலையைச் சொல்லாமல் விடவில்லை. இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று படிப்படியாகச் சொல்கிறது. நல்வினை தீவினை இரண்டின் பயனையும் ஒன்றாக ஏற்கும் மனம் வர வேண்டும், உயிரை மறைக்கும் அழுக்கான மலம் பக்குவப்பட வேண்டும், அருள் பதிய வேண்டும். ஆனால் கடைசியில் பதிய வேண்டியது அருள். அதை யாரும் தன் வாயால் உறிஞ்சி வரவழைக்க முடியாது. அடுத்தவருக்காகச் செய்துகாட்டவும் முடியாது. காரை வைத்து நான் சொல்லிவந்தது இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நண்பர், "அப்ப எப்பவுமே தப்பிச்சுக்கலாம்ல?" என்றார். தப்பித்துக்கொள்ளலாம், பலர் தப்பித்துக்கொள்கிறார்கள். உனக்குப் பக்குவம் போதாது, அதனால்தான் உனக்குத் தெரியவில்லை என்று பிறரைப் பார்த்துச் சொல்கிறவர்கள் அந்தப் பட்டறைக்காரர் செய்ததைத்தான் செய்கிறார்கள்; அவர் ஓட்டுகிற விதத்தைக் குறை சொன்னார், இவர்கள் வாழ்கிற விதத்தைக் குறை சொல்கிறார்கள். அளவைப் பாடம் எனக்குக் கொடுத்தது பாதிதான். இல்லை என்று சொல்லும் உரிமையை அது என் நண்பரிடமிருந்து எடுத்தது. உண்டு என்று நிரூபித்துவிட்டேன் என்று சொல்லும் உரிமையை எனக்குக் கொடுக்கவில்லை. நான் உண்டு என்று சொல்வது உரை அளவையால். எனக்கு முன் பயணம் போய்வந்தவர்கள் இன்ன இடத்தில் இப்படி நடந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கவனமாகச் சொல்லியிருக்கிறார்கள், பொய் சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பள்ளி ஆசிரியர் மேம்பாலத்தைப் பற்றிச் சொன்னதை நம்பியவன் இதை நம்பாமல் இருக்க முடியவில்லை. நம்பினேன் என்பதால் மீட்டர் 12 காட்டிவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

இந்தச் சிந்தனை எனக்கு முழுதாக உறைத்தது கடவுள் விஷயத்தில் அல்ல, ஆணவ மலத்தின் விஷயத்தில்தான். உமாபதி சிவம் திருவருட்பயன் என்னும் சித்தாந்த நூலில் இருள்மல நிலை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். இருட்டு பிற பொருள்களை மறைக்கும், ஆனால் இருட்டு இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவமோ பொருள்களையும் மறைத்துத் தன்னையும் காட்டாமல் இருக்கும் என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். தன்னையே மறைத்துக்கொள்ளும் பழுதைப் பற்றி இவ்வளவு கறாராக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. என் வாடிக்கையாளர்களுக்காவது வண்டி நின்ற நினைவு இருக்கிறது. ஆணவம் உள்ளவனுக்கு அது வேலை செய்த நேரத்தில் நியாயம் பேசியதாகத்தான் நினைவிருக்கும். விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, பூசை அறையில் தனியாக உட்கார்ந்து என் மனத்தைப் பார்த்தால் அது அமைதியாக இருக்கிறது. ஐடிலில் எந்த எஞ்சினும் சீராகத்தான் ஓடும். பெரிய கஷ்டம் வரும்போதும் மனிதர்கள் பல சமயம் நிமிர்ந்து நின்றுவிடுகிறார்கள். அப்பாவின் மரணத்தில் என் அண்ணன் தம்பிகள் எல்லாரும் மேம்பாலம் ஏறிய அம்பாசிடர்போல ஒரு திக்கலும் இல்லாமல் நடந்துகொண்டார்கள். பிறகு சாதாரண நாளில், வயல் வரப்பைப் பற்றிய ஒரு லேசான பேச்சில், பேச்சே நின்றுபோயிற்று. எந்தச் சுமையில் எவனுடைய ஒயர் விலகும் என்று அவனுக்கே தெரியாது. அவன் தன்னைப் பார்க்க உட்காரும் இடம் எதுவும் அந்த இடம் இல்லை.

அப்படியானால் எனக்கு என் பழுது எப்படித் தெரியும்? காண்டலால் தெரியாது; மலம் தன்னைக் காட்டாது. கருதலால் கொஞ்சம் தெரியலாம், ஆனால் கருதுகிற மனமும் அதே மலத்துக்குள் இருக்கிறது. மிஞ்சுவது உரை. என்னோடு கூடவே பயணம் செய்கிறவர்கள் சொல்வது. எந்தப் பேச்சில் நான் மாறுகிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளர் வந்தால் என் குரல் உயரும் என்பது பட்டறைப் பையனுக்குத் தெரியும். அவர்கள் குத்தாலத்துக்கு அப்பால் என்னோடு வந்தவர்கள். அவர்கள் வாய் திறந்தால், 'அப்படியொன்றும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். பட்டறையில் நிற்கும் வண்டியைக் காட்டி அந்தப் பட்டறைக்காரர் சொன்னதும் அதுதான்.

அருணந்தி சிவாசாரியாரைப் பற்றி ஒரு வரலாறு சொல்லிவருகிறார்கள். அவர் அப்போது திருத்துறையூரில் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றிருந்த பெரியவர். தன் சீடர் வீட்டுப் பிள்ளையான மெய்கண்டார், சின்னஞ்சிறு வயதில் திருவெண்ணெய்நல்லூரில் உட்கார்ந்து பாடம் சொல்வதாகவும், தன் மாணவர்களே அங்கே போகத் தொடங்கிவிட்டதாகவும் கேள்விப்பட்டு நேரில் போகிறார். பிள்ளை எழுந்து வந்து வரவேற்கவில்லை. பண்டிதர் நின்றபடியே, ஆணவ மலத்தின் சொரூபம் எது என்று கேட்கிறார். மெய்கண்டார் பதில் பேசாமல், நிற்கும் அவரையே கையால் சுட்டிக்காட்டுகிறார். பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து அவருக்குச் சீடராகிறார். ஆகமம் எல்லாம் கற்றவர் அவர். தன் ஊரில் தன் திண்ணையில் இருந்தவரை அவரிடம் ஒரு குறையும் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். ஒரு சிறுவன் எழுந்து நிற்கவில்லை என்கிற அந்த லேசான சுமையில், அந்த நொடியில், மலம் வெளியே வந்து நின்றது. நிற்கும்போதே சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தார். பிற்பாடு காண்டல், கருதல், உரை என்று எழுதிய கை இவருடையது, என் மனைவி எனக்குச் சொல்வதுபோல இவருக்கும் தன் பழுது பிறர் உரையால்தான் தெரிந்தது என்று வகுப்பில் நான் எழுந்து சொன்னபோது, ஆசிரியர் மறுத்தார். மெய்கண்டாரின் சுட்டுவிரலும் மனைவியின் பேச்சும் ஒன்றாகிவிடுமா, பண்டிதருக்கு மலம் தெரிந்தது அருளால், உரையால் அல்ல என்றார். வீட்டில் உள்ளவர்கள் காட்டுவது குணக்கேட்டை, ஆணவத்தை அல்ல என்றும் சொன்னார். அவர் சொல்லும் வேறுபாடு பெரிது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் பண்டிதர் திருவெண்ணெய்நல்லூருக்குப் போகாமல், கோபத்தோடு போகாமல் இருந்திருந்தால் அந்த விரல் எதைச் சுட்டியிருக்கும் என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்கிப்போகிறது என்பது சித்தாந்தத்தின் துணிபு. ஒயரை நான் புதிதாகப் போட்டுவிடுகிறேன். இங்கே பழைய ஒயர் அப்படியே இருக்கிறது, முனைகள் விலகாமல் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நிலையை அடைந்த ஒருவர், அது அடங்கிவிட்டது என்று எந்தச் சுமையில் பார்த்து அறிவார்? அல்லது அறிய வேண்டியதே இல்லையா? அதற்கு ஆசிரியர், திருவருட்பயனின் கடைசி அதிகாரம் அணைந்தோர் தன்மை, கேள்வியை அதுவரை வைத்திருங்கள் என்றார். நாங்கள் இன்னும் இருள்மல நிலையைத் தாண்டவில்லை.